அரிசிக்கடைக்காரர் பள்ளிக்கூடம் பார்த்த விதம்

கிழக்கேகோட்டையில் பஸ் கிளம்புவதற்குக் காத்திருந்தோம். முன் இருக்கையில், ஆரியசாலையில் அரிசிக்கடை வைத்திருப்பவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“சர்க்கார் ஸ்கூல் கேட்ல ரெண்டு நாளு நின்னேன், கேட்டியா.”

“எதுக்கு, வாட்ச்மேன் வேலைக்கா?”

“டீச்சர்மார் பிள்ளைங்க எங்க படிக்குதுன்னு பாக்க. கடைக்காரன் தன் வீட்டுக்கு எந்த மூட்டையில அளக்கானோ, அதான் நல்ல அரிசி.”

“பாத்தாச்சா?”

“கணக்கு டீச்சர் மக அங்கதான் எட்டாங்கிளாஸ் படிக்கா. சாயந்தரம் அம்மையும் மகளும் ஒரே ஸ்கூட்டர்ல போறாவ. நம்ம பிள்ளையும் இந்த வருசம் எட்டுதானே.”

கேட்டின் உயரத்தைப் பார்த்து மகனுக்குப் பள்ளி தேர்ந்தெடுத்தவன் நான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“எங்க அக்கா கேலி பண்ணுவா. பிரைவட்டுல இருந்து மாத்திட்டியா, கடை நொடிஞ்சு போச்சான்னு கேப்பா.”

“கேக்கட்டும். அவ வாங்குறதும் நம்ம அரிசிதான்.”

பஸ் நகர்ந்ததும் அந்த அம்மாள் கேட்டார்: “யூனிபார்ம் என்ன கலரு?”

“அத கவனிக்கல்லியே.”

“ரெண்டு நாளு நின்ன ஆளு. நாளைக்கு நானும் வாறேன். துணி எடுக்கணும்லா.”