மருந்தளவுத் திரையை நான் நிறுத்திய காரணம்

என் பெயர் வஹீதா, வயது 34, தகப்பனார் பெயர் தாஜுதீன். திருச்சி மலைக்கோட்டை, பெரிய கடைவீதியை ஒட்டிய சந்தில் அத்தா, அம்மாவுடன் குடியிருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் உள்ள தனியார் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். அதன் மேலாளர் ஆசீர் என் மீது கொடுத்துள்ள புகாரை உதவி ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். அது சம்பந்தமாக விசாரித்ததில் நான் கூறுவதாவது:

எங்கள் நிறுவனம் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறது. நிரல் எழுதுகிறவர்கள் மாடியில் இருக்கிறார்கள். எழுதியதைச் சர்வர் என்கிற மையக் கணினியில் ஏற்றி ஓட வைக்கிற நான் கீழே, ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். முதலில் என் பதவி சிஸ்டம் அட்மின். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆசீர் சார் சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து, டெவ்ஆப்ஸ் இன்ஜினியர் என்று போட்ட புது அடையாள அட்டையை எனக்குக் கொடுத்து, எல்லோரையும் அழைத்து கேக் வெட்டினார். அதன் பிறகு நான் அவரிடம், "சார், டெவ்ஆப்ஸ்ங்கிறது ஒரு ஆளுக்கு வைக்கிற பேர் இல்லைங்க. எழுதுறவங்களும் ஓட்டுறவங்களும் ஒண்ணா உக்காந்து, நல்லதோ கெட்டதோ சேர்ந்து பொறுப்பேத்துக்கிறதுங்க" என்று சொன்னேன். அதற்கு அவர், "அதுக்குத்தானம்மா உன்னைப் போட்டிருக்கு" என்றார். மாடியில் உட்கார இடம் கேட்டதற்கு இல்லை என்று சொல்லிவிட்டார். எழுதுகிறவர்கள் சர்வரைப் பார்க்கக் கூடாது, அவர்கள் எழுதியதை நான் பார்க்கக் கூடாது, எதுவானாலும் கணினியில் டிக்கெட் என்று ஒன்றைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்ற வழக்கம் அப்படியே இருந்தது. எது நின்றாலும் என் பெயரைச் சொல்லத் தொடங்கியது மட்டும்தான் புதிது.

சம்பவ நாளான சென்ற செவ்வாய்க்கிழமை மதியம், புத்தூரில் உள்ள குழந்தைகள் மருத்துவமனைக்கான மாற்றம் ஒன்றை மாடியிலிருந்து அனுப்பி, உடனே ஏற்றச் சொன்னார்கள். என்ன மாற்றம் என்று கேட்டதற்குச் சின்ன மாற்றம் என்று மட்டும் பதில் வந்தது. நான் ஏற்றினேன். அதன் பிறகு சிறிது நேரத்தில் அந்த மருத்துவமனை நர்ஸ் வேணி எனக்குப் போன் செய்து, "மேடம், எட்டரைக் கிலோ குழந்தைக்கு எண்பத்தஞ்சு கிலோன்னு காட்டுதுங்க. மருந்தும் அந்தக் கணக்குலதான் வருது. பக்கத்து வார்டுல ஊசியில ஏத்தியே வச்சிட்டாங்க, குத்துறதுக்கு முன்னாடி நான்தான் ஓடிப்போய்ப் புடுங்கினேன்" என்று சொன்னார். அவருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நான் அந்த மாற்றத்தை எழுதிய தமிழ்மணிக்குப் போன் செய்தேன். சேமித்து வைத்திருந்த எடைகளையும் அது மாற்றியிருக்கிறதா என்று அவருக்குத்தான் தெரியும் என்பதால், பழைய நிரலை என்னால் தனியாகத் திருப்பிப் போட முடியவில்லை. அவர், "ஓடுறது உங்க டிபார்ட்மெண்ட் தானேக்கா. டிக்கெட் போடுங்க, பாக்குறேன்" என்றார். ஆசீர் சாரைக் கூப்பிட்டேன். "டெவ்ஆப்ஸ் நீதானே, நீயே சரி பண்ணு. ஆனா எதையும் நிறுத்தக் கூடாது, ஆஸ்பத்திரிக்காரங்க நம்மள விட்டுப் போயிடுவாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

என்னுடைய கடவுச்சொல்லைப் போட்டு, மருந்தளவு காட்டும் திரையை நான்தான் நிறுத்தினேன். உடனே வேணியைக் கூப்பிட்டு, எல்லா வார்டிலும் டாக்டரைக் கேட்டு மருந்தளவைக் கையால் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எந்தத் தகவலையும் நான் அழிக்கவில்லை. சதி செய்தேன் என்று புகாரில் சொல்லியிருப்பது பொய்.

அதன் பிறகு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய், தமிழ்மணியின் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, சர்வரில் ஓடுவதை அவருக்குக் காட்டினேன். அவர் எடைகளைப் பார்த்துவிட்டு, "நான் போட்டதுல புள்ளியே விட்டுப் போச்சுக்கா. அங்க எப்படி ஓடுதுன்னு நான் பார்த்ததே இல்லையே" என்றார். பிறகு அவர் தான் எழுதியதைத் திறந்து காட்ட, இருவரும் சேர்ந்து சரி செய்தோம். வேணி போனில் குழந்தைகளின் எடையை ஒவ்வொன்றாகப் படிக்க, ஒத்துப் பார்த்த பிறகே திரையைத் திரும்ப ஓட வைத்தோம். எந்தக் குழந்தைக்கும் தவறான மருந்து ஏறவில்லை. இந்த ஒன்பது ஆண்டுகளில் நானும் மாடியில் இருப்பவரும் ஒரே மேஜையில் வேலை செய்தது அன்று ஒரு தடவைதான்.

மறுநாள் காலை அலுவலக வாசலிலேயே என்னை நிறுத்தி வேலையை விட்டு நீக்கியதாகச் சொன்னார்கள். மருத்துவமனை விளக்கம் கேட்டதற்கு, டெவ்ஆப்ஸ் பெண் வேண்டுமென்றே நிறுத்திவிட்டாள் என்று ஆசீர் சார் பதில் சொன்னதாகத் தமிழ்மணி என்னிடம் தெரிவித்தார்.

இதற்கு யார் பொறுப்பு என்று உதவி ஆய்வாளர் கேட்டதற்கு, எழுதியது தமிழ்மணி, என்னவென்று தெரியாமலே ஏற்றியது நான், எங்களைப் பேச விடாமல் வைத்திருந்தது ஆசீர் சார், ஆகவே மூன்று பேரும்தான் என்று கூறினேன்.

தவறு முழுவதும் என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் புகாரை வாபஸ் வாங்குவதாக நிறுவனம் சொல்லி அனுப்பியிருக்கிறது. என் அத்தாவும், "போட்டுட்டு வந்துடும்மா, நமக்கு எதுக்கு ஸ்டேஷன்" என்கிறார். நான் போட்டால், எனக்கு அடுத்து அந்த நாற்காலிக்கு வருகிறவர், ஒரு நர்ஸ் பதறிப்போய்க் கூப்பிடும்போது நிறுத்தப் பயப்படுவார். அதனால் நான் போட மாட்டேன்.

மேலே உள்ளதை உதவி ஆய்வாளர் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதல்ல, நடந்தது இதுதான்.

(ஒப்பம்)
தா. வஹீதா