மேமலைப் பீலிக்கு மேலே இனி எண்ணெய் வேண்டாம்

நான் பேச எழும்பியதுமே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்ட, அளந்து பேசும், பிறரையும் அளந்தே பேசவிடும் மேமலைப் பிரிவுத் தோட்டக் கமிட்டித் தலைவர் சிவசாமி ஐயா அவர்களே! மண்ணுக்குள் மறைந்து கிடந்த மாசைத் தேடிப் பிடித்து, மலையின் மடியை மறுபடி கழுவித் தந்த நீர்ப் பொறியியலாளர் ஷெரோமி மிஸ் அவர்களே! பனியிலும் பசியிலும் பசுந்தளிர் கிள்ளி இந்த நாட்டை வாழவைத்த மூத்தோர்களே! குடம் சுமந்து இடுப்பும், குடும்பம் சுமந்து நெஞ்சும் நொந்த தாய்மார்களே! கொழும்புக் கடைகளில் லீவு கேட்டு ஓடி வந்திருக்கும் தம்பிமாரே! தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் வாப்பாவின் கண்ணில் படமாட்டோம் என்று நம்பிக்கொண்டிருக்கும் என் அருமை மகன் இன்சாப் அவர்களே! உங்கள் அனைவர் மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும் என்று இந்தச் சந்திக்கடை நஸார் வாழ்த்தி வணங்குகிறேன்.

இன்று காலையில் ஒரு காரியம் முடிந்தது. நாம் மூடி வைத்திருந்த நம்முடைய பீலி, ஊற்று நீர் வரும் குழாய், திறந்தது; தண்ணீர் கொட்டியது; ஷெரோமி மிஸ் முதல் குவளை குடித்தார்; நாமும் குடித்தோம். இன்னொரு காரியம் இந்த மண்டபத்தில் மிச்சமிருக்கிறது. பீலிக்கு மேலே பாழடைந்து நிற்கிறதே பழைய ஸ்டோர், நம் பாட்டன்மார் வேலை செய்த தேயிலைத் தொழிற்சாலை, அந்த இடத்தை வாகனம் திருத்தும் கராஜுக்குக் கொடுப்பதா, வேண்டாமா? வரிசை வீட்டு லயங்களில் வாழும் மக்கள் கை தூக்கிச் சம்மதித்தால் கொடுக்கிறோம் என்று தோட்டக் கம்பனி சொல்லிவிட்டது. கேட்டிருப்பவர் யார்? கட்டாரில் மெக்கானிக் வேலை பார்த்துத் திரும்பிய கெட்டிக்காரன். என் மகன் இன்சாப்!

என்ன சிரிப்பு அங்கே? “நஸார் நானா மவனுக்குக் கை தூக்கச் சொல்லத்தான் மேடையேறியிருக்காரு.” கேட்டது அம்மா, கேட்டது. என் தராசைப் போல என் காதும் சரியாகத்தான் வேலை செய்கிறது. எந்தப் பக்கம் பேச வந்திருக்கிறேன் என்று சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் இந்தத் தண்ணீர் பட்ட பாட்டை ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். பட்ட பாட்டை மறந்தவன் கை தூக்கினால் அந்தக் கை எந்தப் பக்கமும் போகும்.

தாய்மார்களே, அந்த வாடை நினைவிருக்கிறதா? எந்த வீட்டில் தேத்தண்ணி ஊற்றினாலும், எத்தனை கரண்டி சீனி போட்டாலும், குடித்து முடித்த பிறகு நாக்கின் அடியில் ஒரு எண்ணெய்க் கசப்பு நின்றதே, நினைவிருக்கிறதா? உலகத்துக்கே தேயிலை கொடுக்கும் மக்கள் நாம். தேத்தண்ணியின் ருசி கெட்டால் நமக்குத் தண்ணீரின் மேல் சந்தேகம் வருமா? வராது! குழாயின் மேல் வருமா? வராது! கேத்தலின் மேலாவது வருமா? வரவே வராது! தூளின் மேல்தான் வரும். தூள் விற்றவன் யார்? இதோ, உங்கள் முன்னால் நிற்கும் இந்த அப்பாவி!

இதோ முன்வரிசையில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற அந்தோனியம்மா அக்கா, கொழுந்துக் கூடையோடு என் கடைக்குள் நுழைந்து, வாங்கிய தூளைத் தராசுத் தட்டில் கொட்டிவிட்டு என்ன கேட்டார்? “ஏன் நானா, தூளுக்குள்ள மண்ணெண்ணெயவா ஊத்தி விக்கிறீங்க? இது வெளக்குல ஊத்துறதுக்கா, வாயில ஊத்துறதுக்கா?” அன்றிலிருந்து என் கடைப் பக்கம் ஆள் வரவில்லை. அரிசி வாங்க வந்தவர்களும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்கள். கடலை மிட்டாயை மோந்து பார்த்த மனிதரையும் நான் கண்டேன். அவர் இப்போது இந்த மேடையிலேயே இருக்கிறார், தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வந்ததா? வந்தது. நன்றாக வந்தது. இரண்டு தலைமுறையாகச் சரியாக நிறுத்துக் கொடுத்த கடை அது. வீட்டில் என் மனைவி பௌசியாவும் ஒருநாள் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, “மெய்யா சொல்லுங்க, என்னத்தையாவது கலந்தீங்களா?” என்று கேட்டாள். ஊர் கேட்டதைவிட அது வலித்தது.

அப்புறம் அந்தோனியம்மா அக்கா ஞானஸ்நான வீடொன்றுக்குக் கந்தப்பளைக்குப் போனார். போன இடத்தில் தூள் முடிந்துவிட்டது, கடை மூடியாகிவிட்டது. அவருடைய பைக்குள் உடைக்காமல் கிடந்தது என் கடைப் பொட்டலம் ஒன்று. வேறு வழியில்லாமல், வெட்கப்பட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஊற்றினார்களாம் பாருங்கள், வீடெல்லாம் மணந்ததாம்! திரும்பி வந்ததும் லயத்துக்குப் போகாமல் நேரே என் கடைக்கு வந்தார். “நானா, ஒங்க தூளுல ஒரு கொறையும் இல்லங்க. கோளாறு நம்ம பீலித் தண்ணியில இருக்கு. நாந்தான் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இல்லாம பேசிப்புட்டேன்” என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! அன்று அவர் கண் கலங்கினார். நான் கலங்கவில்லை என்று சொன்னால் பௌசியா எழும்பி நின்று மறுப்பாள்.

அதற்குப் பிறகும் நாம் சும்மா இருந்தோமா? வைத்தியம் பார்த்தோம்! யாரோ ஒரு புண்ணியவான் ஊற்றுக்குள் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார். அன்று நாம் குடித்த தேத்தண்ணி ஆஸ்பத்திரி வார்டு மாதிரி மணத்தது. கொதிக்க வைத்துப் பார்த்தோம். எண்ணெய் வாடை லயமெல்லாம் பரவியது. கடைசியில்தான் லிந்துலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தவரின் மகள், நம் ஷெரோமி மிஸ், போத்தல்களோடு வந்து சேர்ந்தார். ஊற்றைப் பார்த்தார், நிமிர்ந்து மேட்டைப் பார்த்தார், பழைய ஸ்டோருக்கு ஏறினார். இன்ஜின் அறையின் தரைக்கடியில், எல்லோரும் மறந்துபோன டீசல் தாங்கி ஒன்று துருப்பிடித்துத் துளைவிழுந்து கிடந்தது. ஸ்டோர் மூடிய காலத்திலிருந்து, மழைக்கு மழை, எண்ணெய் மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீரில் கலந்து, நம் வாய்க்கு வந்திருக்கிறது.

“ஊற்றை மூடிவிட்டு லயத்தை வேறு பிரிவுக்கு மாற்றுங்கள்” என்றார்கள் சிலர். நாம் மாறினோமா? இல்லை! நாம் பிறந்த மண், நம்மவர்கள் புதைந்த மண். தண்ணீர் கெட்டால் தண்ணீரைத் திருத்துவோம் என்றோம். “எப்ப மிஸ் முடியும்?” என்று கேட்டோம். வருடக்கணக்காகும் என்றார். நாம் கத்தினோம். அந்தப் பிள்ளை கத்தவில்லை. “எண்ணெ உள்ள போறதுக்கு எத்தன வருசம் எடுத்துச்சு? வெளிய வர்றதுக்கு மட்டும் ஒரு கெழம போதுமாங்க?” என்று கேட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் பார்த்தது. தாங்கியைத் தோண்டி எடுத்தார்கள். எண்ணெயில் ஊறிய மண்ணை லொறி லொறியாக ஏற்றினார்கள். ஆழத் துளையிட்டுத் தண்ணீரை மேலே இழுத்து, மிதந்த எண்ணெயை வழித்து, பெரிய பீப்பாக்களில் நிரப்பிய சிரட்டைக்கரியின் ஊடாக ஓடவிட்டார்கள். “கரியப் போட்டுத் தண்ணிய வெளுக்கிறதா? இது என்ன கூத்து?” என்று கேட்டவர் நம் தலைவர்தான். அதே தலைவர்தான் பிறகு மழையில் குடை பிடித்து அந்த மோட்டருக்குக் காவல் இருந்தார். கைதட்டுங்கள் அவருக்கு!

அத்தனை காலமும் தண்ணீர் பவுசர் லொறியில் வந்தது. மழை நாளில் பவுசர் மேடேறாது. அப்போதெல்லாம் நம் பெண்கள், நாள் முழுக்க மலையில் கொழுந்தெடுத்த அதே கால்களோடு, கீழாற்றுக்கு இறங்கிக் குடத்தோடு ஏறினார்கள். ஒருநாள் அந்தோனியம்மா அக்கா வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். கை கூடிவிட்டது, கொழுந்தெடுக்கும் வேகம் இன்றுவரை திரும்பவில்லை. தம்பிமாரே, அந்தக் கையை நினைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

இப்போது என் மகனின் விஷயத்துக்கு வருகிறேன். இன்சாப் கேட்பது நியாயமில்லாததா? இல்லை. கராஜ் வந்தால் நம் பையன்கள் கொழும்புக்குப் போய்ச் சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவ வேண்டியதில்லை. இது சின்ன விஷயமா? எனக்கும் ஆசைதான். மகன் கடல் தாண்டிப் போகாமல் கண்ணெதிரே தொழில் செய்வதை எந்தத் தகப்பன் வெறுப்பான்? ஆனால் கராஜ் என்றால் என்ன? இன்ஜின் எண்ணெய், டீசல், பெற்றோல், கழுவிய தண்ணீர். அந்த மேட்டில் விழுகிற எதுவும் எங்கே இறங்கும் என்று நமக்கு இன்னொருவர் சொல்ல வேண்டுமா? சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?

“நான் கவனமா இருப்பேன் வாப்பா” என்றான் வீட்டில். நம்புகிறேன் மகனே. ஆனால் பழைய ஸ்டோரில் இன்ஜின் ஓட்டியவர்கள் கெட்டவர்களா? ஒரு சொட்டுச் சிந்தினாலும் துணியால் துடைத்தவர்கள் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போனார்கள், கதவு மூடியது, இரும்பு துருப்பிடித்தது. தண்ணீரைக் கெடுக்கக் கெட்டவன் தேவையில்லை, மறதியே போதும்! என் மகனை நான் நம்புகிறேன். அவனுக்குப் பிறகு அங்கே வரப்போகிறவனை நான் அறியேன். இரும்பை நான் நம்பவே மாட்டேன்!

ஆகவே, தலைவர் அவர்களே, தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இந்த ஊரின் வாய்க்காக, நான் பெற்ற மகன் தன் வயிற்றுக்காகக் கேட்டதை நான் மறுக்கிறேன். பழைய ஸ்டோர் நிலத்தில் கராஜ் வேண்டாம். எண்ணெய் எந்த உருவத்திலும் வேண்டாம்!

என்ன இன்சாப்? எழும்பி நின்று கேள், எல்லோருக்கும் கேட்கட்டும். “அப்ப நான் எங்க போய்ப் போடுறது வாப்பா?” நல்ல கேள்வி. சந்தியில் என் கடையை ஒட்டி இருக்கிறதே சரக்கறை, அதை எடுத்துக்கொள். அது ஊற்றுக்குக் கீழே, வேறு சரிவில் இருக்கிறது. ஷெரோமி மிஸ்ஸைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டேன். சீமெந்துத் தரையும் கழிவெண்ணெய் பிடிக்கிற தொட்டியும் கட்டி, ஆற்றுக்கு ஒரு சொட்டும் போகாமல் நடத்தினால் சரி என்றார். அரிசி மூடைகளை எங்கே வைப்பேனா? அதைத்தான் இன்னும்… பௌசியா, உன்னிடம் வீட்டில் சொல்லத்தான் நினைத்தேன். “ஒங்க கட்டில்ல அடுக்குங்க, நீங்க கீழ படுங்க!” கேட்டீர்களா சபையோரே? அனுமதி கிடைத்துவிட்டது!

இனி நான் பேசப்போவதில்லை. பீலிக்கு மேலே எண்ணெய் வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள். அந்தோனியம்மா அக்கா, கூடிய கையையே தூக்குகிறீர்களா? தூக்குங்கள்! மூத்தோர்கள் தூக்குகிறார்கள். கொழும்புத் தம்பிமார் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தூக்குகிறார்கள். வேலை கிடைக்குமா என்று ஏங்கியவர்கள் தூக்கும் கைகள் இவை. இவற்றின் கனம் எனக்குத் தெரியும்.

இன்சாப் தூக்கவில்லை. கட்டாயமில்லை மகனே. கோபமாக இரு. உனக்கு ஒரு மகள் பிறந்திருக்கிறாள். நீயும் நானும் போன பிறகும் அவள் இந்த மலையில் பயமில்லாமல் ஒரு குவளை தண்ணீர் குடிக்க வேண்டும். அதற்காக நீ என்னோடு எத்தனை காலம் பேசாமல் இருந்தாலும் இந்த வாப்பா தாங்கிக்கொள்வேன்.

அங்கே என்ன ஆரவாரம்? யா அல்லாஹ்! இன்சாபின் மனைவி, என் மருமகள் அம்னா எழும்பி நிற்கிறாள். தன் கையோடு இடுப்பிலிருந்த பிள்ளையின் கையையும் பிடித்துத் தூக்கிவிட்டாள்! தலைவர் அவர்களே, சட்டம் பேசாதீர்கள். நம் எல்லோரையும்விட அதிக காலம் இந்தத் தண்ணீரைக் குடிக்கப்போகிற கை அதுதான். முதலில் அந்தக் கையை எண்ணுங்கள்!

பொறுமையாக இருந்து கேட்ட உங்களுக்கு நன்றி. தண்ணீரைத் திருத்தித் தந்த கைகளுக்கு நன்றி. நாளைக்கு விடியப் பெரட்டு இருக்கிறது, வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். போகும் வழியில் பீலியில் ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டுப் போய் நிம்மதியாகத் தூங்குங்கள். வாழ்க மேமலை! வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.