இதயப் படம் போட்ட உப்பு

என் பெயர் வீரம்மா, கணவர் பெயர் கார்த்திகேசு, எனக்கு வயது ஐம்பத்தேழு, கிள்ளான் பண்டமாரான் அடுக்குமாடியில் குடியிருக்கிறேன், பள்ளிக்கூடம் போனதில்லை. கணவர் லோரி ஓட்டியவர். ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைக் குலை ஏற்றப் போனால் மீன் வாங்காமல் திரும்ப மாட்டார், அதை அவரே கழுவுவார், என்னை நம்ப மாட்டார். சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் தொடங்கிய பிறகு, உப்பைக் குறைக்கும்படி நர்ஸ் மிஸ்ஸி சொன்னதால் சப்பென்று சமைத்தேன். "ஆஸ்பத்திரி சோறே தேவலாம்லா" என்று தட்டைத் தள்ளிவிடுவார்.

அதன் பிறகு, தீபாவளிக்கு முந்திய வாரம் கடையில் சிவப்பு இதயப் படம் போட்ட உப்புப் பாக்கெட்டைப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று அங்கே நின்ற பெண்ணைக் கேட்டேன். "சோடியம் கம்மி, ஹார்ட்டுக்கு நல்லது ஆன்டி" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் எழுதியிருந்ததாம். விலை கூட என்பதால் மருந்து மாதிரி என்று நினைத்து வாங்கினேன்.

அன்று புளிக்குழம்பு வைத்தேன். அவர் மறுசோறு கேட்டார். "நல்ல உப்புதானே, இன்னுங் கொஞ்சம் போடு" என்றார். போட்டேன். அதன் பிறகு பாக்கெட் மேசையிலேயே இருந்தது, கொய்யாவுக்கும் தொட்டுக்கொண்டார். சில நாளில் கால் பலமில்லை என்றார், வெயில் என்று நினைத்தேன். ஞாயிறு காலை பல் துலக்கும்போது விழுந்தார். ஆம்புலன்ஸ் வருமுன் மூச்சு நின்றுவிட்டது.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் பாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பின்பக்கத்தைக் காட்டினார். "இதுல பொட்டாசியம் இருக்கும்மா. கிட்னி போனவங்களுக்கு ஆகாது. இங்க சின்னதா போட்டிருக்கு." பக்கத்தில் நின்ற கொழுந்தன் முகுந்தன், "தெரிஞ்சேதான போட்டீங்க அண்ணி" என்றார். அதன் பிறகு நேராகப் போலீஸ் நிலையம் போய், நான் விஷம் வைத்ததாகப் புகார் கொடுத்தார்.

விஷம் வைத்தாயா என்று கேட்டதற்குச் சொல்வது: உப்பைப் போட்டது நான், ஆகாது என்று எனக்குத் தெரியாது. அதே குழம்பை நானும் சாப்பிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கொழுந்தனுக்கு அதுதான் சந்தேகம்.

உடல் இன்னும் பிணவறையில் இருக்கிறது. வாய்க்கரிசி போட என்னை விடமாட்டேன் என்கிறார் கொழுந்தன். நான் போட வேண்டும், ஐயா. அது வெறும் அரிசிதான், அதில் உப்பு சேர்ப்பதில்லை.

இதைத் தமிழில் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னதே, உண்மையே. கையெழுத்துத் தெரியாததால் பெருவிரல் வைக்கிறேன்.

(வீரம்மா, இடது பெருவிரல் ரேகை)