இரண்டரை அங்குலச் சேணம்

— சேணத்தைக் குதிரை மேலயே போட்டு வைக்கணும்னா சொன்னாங்க?

— ஆமாங்க. "சனிக்கிழமை பத்து மணிக்கு உங்க லாயத்துக்கே வர்றேன். நீங்க தச்ச சேணத்தைக் குதிரை மேல போட்டு வைங்க"ன்னு சேணப் பட்டறைத் தலைவியே போன் பண்ணினாங்க.

— நீ என்ன சொன்ன?

— "சரிங்க மேடம்"னுட்டேன்.

— ரெண்டரை அங்குலச் சேணத்தை.

— பதட்டத்துல வந்துடுச்சுங்க.

— நான் ஒண்ணும் சொல்லல. நம்ம குதிரை துரை அஞ்சடி உயரம் நிக்கறாரு. அவர் முதுகுல இதை வெச்சா, ஈ உட்கார்ந்திருக்குன்னு வாலால தட்டி விட்டுடுவாரு. மத்தபடி நான் ஒண்ணும் சொல்லல.

— ஒரே நிமிஷம், பேசாதீங்க. இந்த வார்ல கடைசி ஓட்டையைப் போட்டுக்கறேன். மூச்சு விட்டா ஊசி நகருது.

— இன்னும் அரை மணி நேரத்துல அவங்க வந்துடுவாங்க. இப்ப இந்த ஓட்டை எதுக்கு?

— அஞ்சு ஓட்டை இருக்கணும். நாலுதான் இருந்தா பார்க்கறவங்க சிரிப்பாங்க.

— பொம்மைக் குதிரைக்கு இடுப்பு பெருக்குமா என்ன? சரி, வேலை விண்ணப்பத்துல "பொம்மை"ன்னு ஒரு வார்த்தை எழுதித் தொலைச்சிருக்கலாம்ல?

— அவங்க கேட்டது, "நீங்கள் தைத்த சேணத்தின் புகைப்படம்." அளவு கேக்கலையே! பொம்மைக் குதிரைப் போட்டிக்கு எடுத்த படம் கையில இருந்துச்சு, அனுப்பிட்டேன். இதே வேலிக்கு முன்னால, செங்கல் மேல பொம்மையை நிக்க வெச்சு, மண்ணுல குப்புறப் படுத்து எடுத்தேனே, அது. நிஜக் குதிரைன்னு நடுவர் நம்பணும், அதுதான் அந்தப் போட்டியே.

— நடுவர் நம்பாம மூணாம் பரிசு கொடுத்தார். சேணக் கம்பெனி நம்பி வேலை கொடுக்க வருது.

— சிரிக்காதீங்க. இது கிடைக்கலைன்னா என்னாகும்னு தெரியும்ல? திங்கட்கிழமை ஆபீஸ்ல பதில் சொல்லியாகணும். கிளை மேலாளர் பதவி. ஆனா பத்து மணி நேர ரயில் பயணம். அந்த ஊர்ல ஸ்கூட்டர் நிறுத்தவே இடம் இல்லையாம், குதிரையை எங்க நிறுத்தறது? துரையை வித்துட்டுத்தான் போகணும்.

— அந்தப் பதவிக்குத்தானே எட்டு வருஷமா இன்ஷூரன்ஸ்ல தவம் கிடந்தே?

— எட்டு வருஷமா நசுங்கின கார்களைப் பார்த்தாச்சுங்க. போதும். சேணப் பட்டறை இங்கேருந்து பஸ்ல இருபது நிமிஷம். அங்க வேலை கிடைச்சா நான் ஆசைப்பட்ட தொழில், துரையும் நம்மகிட்டயே இருப்பான்.

— நான் ஒரு தடவை வரிசையாச் சொல்லிப் பார்த்துக்கறேன். துரையை வெச்சுக்கணும்னா சேண வேலை வேணும். சேண வேலைக்கு ஒரு நிஜச் சேணம் தைக்கணும். நிஜச் சேணம் தைக்க நேரமில்ல, ஏன்னா பொம்மைச் சேணம் தைக்கணும். துரை மேல ஏறவும் நேரமில்ல, அதே காரணம்.

— போன மாசம் ஏறினேனே!

— போட்டோ எடுக்க சுவர் மேல ஏறினே. துரை மேல ஏறி மூணு மாசம் ஆச்சு.

— அப்ப நான் குதிரை வெச்சிருக்கவே லாயக்கில்லைங்கறீங்க.

— நான் ஒண்ணும் சொல்லல. என் பர்ஸ் போன வருஷம் கடிவாளமாச்சு, கேட்டேனா? இப்ப பெல்ட் சேணமாச்சு. ஒரு கையில பேன்ட்டைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால சாணி அள்றேன். வாயைத் திறந்தேனா?

— திறந்துதான் இருக்கு. ஏங்க, நிஜமாவே ஒரு வழி சொல்லுங்களேன்.

— திருட்டுப் போயிடுச்சுன்னு சொல்லிடு.

— ஆபீஸ்ல தினம் மூணு பேர் என்கிட்ட சொல்ற பொய்ங்க அது. எனக்கே சொல்ல வராது.

— பாலீஷ் போடக் கொடுத்திருக்கு?

— அது கொஞ்சம் பரவாயில்ல. ஒரு வாரம் டைம் கிடைக்கும். ராத்திரி பகலா உட்கார்ந்தா பெரிசு ஒண்ணு...

— அவ்வளவு தோலுக்கு எங்க போவே? என்கிட்ட இனி செருப்பு மட்டும்தான் பாக்கி.

— வணக்கம். உள்ள வரலாமா? பட்டறையிலேருந்து வர்றேன்.

— ஐயோ. வாங்க மேடம், வாங்க. பத்து மணிக்குன்னு சொன்னீங்க...

— சீக்கிரம் வந்தாத்தான் நிஜம் தெரியும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இதுவா குதிரை?

— ஆமா மேடம். துரைன்னு பேரு.

— பேரைக் கேக்கல. சேணம் எங்க? முதுகு காலியா இருக்கே. பாலீஷ் போடக் கொடுத்திருக்கீங்களா?

— இல்ல மேடம்.

— திருட்டுப் போச்சா? போன வாரம் வந்த மூணு பேருக்கும் திருட்டுப் போச்சு.

— இல்ல மேடம். இங்கதான் இருக்கு. என் உள்ளங்கையில.

— இது என்ன?

— சேணம் மேடம்.

— இதுல யாரு சவாரி போவாங்க, மூட்டைப்பூச்சியா?

— இந்த ஜாண் உயரப் பொம்மைக்குத் தச்சது மேடம். மன்னிச்சுக்குங்க. படத்துல பெரிசாத் தெரியும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பினேன்.

— லீவு நாள்ல கிளம்பி வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். சார், நீங்க யாரு?

— வீட்டுக்காரர் மேடம். அந்தத் தோல் என்னோட பெல்ட்டு.

— அந்தப் பூதக்கண்ணாடியைக் கொடுங்க. ம்... அங்குலத்துக்கு எத்தனை தையல்?

— நாப்பது மேடம்.

— எங்க பட்டறையில பத்துக்கே மூக்கால அழறாங்க. உள்ள பஞ்சு வெச்சிருக்கீங்களா?

— கம்பளி நூலைப் பிரிச்சு வெச்சேன் மேடம். சின்ன ஊசியால ரெண்டு பக்கமும் சமமாத் தள்ளித் தள்ளி...

— கேட்டதுக்கு மட்டும். கை நல்லா இருக்கு. இருங்க, சந்தோஷப்படாதீங்க. பொம்மையைக் காட்டுங்க. இதே குதிரையைப் பார்த்துத் தீட்டினதா?

— ஆமா மேடம். நெத்திச் சுழி, முழங்கால் கறுப்பு, ஒண்ணு விடல. பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்து, ஆறு வாரம்.

— தோள் கிட்ட, ரெண்டு பக்கமும் இந்த வெள்ளைத் திட்டு?

— அதுவும் இருக்கு மேடம். வாங்கும்போது இல்ல. ரெண்டு வருஷமா வந்திருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே அளவு, அழகா. மூணே முடி இருக்கிற பிரஷ்ல தீட்டினேன்.

— அழகாவா?

— மச்சம் மாதிரி...

— மச்சமில்லம்மா. சேணம் அழுத்தி, உள்ள சதை நசுங்கி, அந்த இடத்துல முடி வெள்ளையா முளைச்சிருக்கு. தழும்பு அது. சார், சேணம் போடும்போது குதிரை காதைப் பின்னால மடக்குமா?

— ஒட்ட மடக்கும் மேடம். ரெண்டு தடவை என் தோளைக் கவ்வியிருக்காரு. இவ "துரைன்னா அப்படித்தான் ரோஷம் இருக்கும்"பா.

— மேடம்... அந்தக் காதைக்கூட நான் பொம்மைக்கு அப்படியே மடக்கி வெச்சேன். "முகத்தில் உணர்ச்சி அபாரம்"னு நடுவர் எழுதியிருந்தாரு.

— உணர்ச்சி இல்ல, வலி.

— ஏங்க, ஆறு வாரம் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேனே. ஒரு தடவை தொட்டுப் பார்த்திருந்தா...

— அழாதேம்மா. சாணி அள்ளின எனக்கும்தான் தெரியல.

— அழுகையெல்லாம் அப்புறம். நான் பட்டுன்னு சொல்லிடறேன். உங்க கண்ணு மாதிரி ஒரு கண்ணு எங்க பட்டறையில யாருக்கும் கிடையாது. ஆனா குதிரையோட முதுகைத் தொட்டுப் பார்க்காதவங்களுக்கு அங்க இடம் கிடையாது. நான் தலைவியானதும் போட்ட முதல் சட்டம் அது. யாரா இருந்தாலும் இதான்.

— நியாயம்தான் மேடம். எனக்கு வேலை வேண்டாம். இவனுக்கு இனிமே வலிக்காம இருக்க என்ன செய்யணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.

— வேலை கிடைக்கலைன்னா இவனை விக்கணும்னு போன்ல சொன்னீங்களே?

— இந்த முதுகோட யார் கையில கொடுக்கறது மேடம்? கிளை மேலாளர் பதவி வேற யாருக்காவது போகட்டும். ஏங்க, நீங்க என்ன சொல்றீங்க?

— நான் ஒண்ணும் சொல்லல. இன்னிக்கு நிஜமாவே சொல்ல ஒண்ணுமில்ல. உன் இஷ்டம்தான் என் இஷ்டம்.

— சரி சரி. வழக்கமாப் போடற சேணம் எங்க? கொண்டு வாங்க சார். ம்... தூசு தட்டக்கூட நேரமில்லையா வீட்டுல? நினைச்சேன். முன்பக்கம் பாருங்க, எவ்வளவு ஒடுக்கம்! இந்தத் தோளுக்கு இது எப்படிப் போதும்? எந்த மகானுபாவன் தச்சான் இதை? நேர்ல வந்து அளந்தானா?

— இல்ல மேடம். நாலு வருஷம் முன்னால புதுசா ஆர்டர் கொடுத்தேன். குதிரையோட போட்டோ அனுப்பச் சொன்னாங்க. மூணு வாரத்துல சேணம் வந்துடுச்சு.

— போட்டோவைப் பார்த்தா! போட்டோவுல முதுகு எப்படிங்க தெரியும்? உங்களைத் திட்டினேனே, இவன் உங்களுக்கு மேல இருக்கான். எந்தக் கம்பெனி? முன்னால பேரு போட்ட பித்தளைப் பட்டை இருக்கணுமே?

— அதை வெட்டிப் பொம்மைக்குக் கொக்கி செஞ்சுட்டேன் மேடம். கம்பெனி... உங்க கம்பெனிதான்.

— எங்களுதா?

— ஆமா மேடம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குத் தைக்கற ஆசையே வந்துச்சு.

— அப்படியா. அப்ப தச்சவங்க நம்பர் உள்மடிப்புல குத்தியிருக்கும். சார், தூக்கிப் பாருங்க. யாரா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான். திங்கட்கிழமை காலையில ஆள் வெளியே.

— பாசி பிடிச்ச மாதிரி இருக்கு மேடம். இருங்க, துடைக்கறேன். ஏழு.

— ஒண்ணா இருக்கும். நல்லாப் பாருங்க.

— பூதக்கண்ணாடி வெச்சே பார்த்துட்டேன். ஏழுதான்.

— கொடுங்க இங்க, நானே பார்க்கறேன்.

— விட்டுடுங்க மேடம். எனக்காக ஒருத்தர் வேலையை எடுக்காதீங்க. பாவம், என்ன அவசரத்துல தச்சாரோ. அவருக்கும் குடும்பம் இருக்கும்.

— இருக்கும்மா. குடும்பம் இருக்கு, அந்த வருஷம் அதிகமாத் தச்சு அனுப்பினதுக்குப் பதவி உயர்வும் இருக்கு. ஏழாம் நம்பர் நான்தான். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வேலைக்கு வந்துடுங்க, இப்ப அளவு நாடாவை எடுங்க. நீங்க துரையைத் தொட்டு அளந்து சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்.