மூன்றாம் பக்கத்தில் பொய் இல்லை

எதையும் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகே தொடங்குகிற வழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு சார். வாசல் கோலமானாலும் சரி, ஊறுகாய் விற்க வெப்சைட்டானாலும் சரி.

பாலகொல்லுவில் என் ஆவக்காயை அடித்துக்கொள்ள ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, விசாரித்துப் பாருங்கள். அது ஹைதராபாத்துக்கும் அமெரிக்காவுக்கும் போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கென்று ஒரே ஒரு ஆசை. அதில் என்ன தப்பு?

சங்கராந்தி முடிந்த வாரம் பீமவரத்திலிருந்து ஹாரிகா வந்தாள், சைட் செய்து கொடுக்கிற பெண். கம்ப்யூட்டரைத் திறப்பாள் என்று பார்த்தால் ஒரு நோட்டை நீட்டினாள்.

"முதல்ல என்னென்ன பக்கம் வேணும்னு எழுதுங்க ஆன்ட்டி. யாரு வாங்குவாங்க, எதுக்கு உங்ககிட்ட வாங்கணும்? அது தெரியாம கட்டினா வீண்."

முதல் பக்கம் முகப்பு. இரண்டாவது ஊறுகாய் வகைகள். மூன்றாவது 'எங்கள் கதை'. அங்கே பேனா நின்றுவிட்டது. என் கணவர் பாபிராஜு டீயை உறிஞ்சிக்கொண்டே, "'வீட்டுக்காரர் மாங்காய வெட்டுறாரு, நான் அவரை வெட்டுறேன்'னு எழுதுடி" என்றார். ஹாரிகா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹாரிகா அமலாபுரத்துக்காரி ஒருத்தியின் சைட்டைக் காட்டினாள். புருஷன் போனபின் தனியாளாக நின்று ஊறுகாய் போடுகிறாளாம். ஆர்டர் குவிகிறது. அவள் போட்ட கோங்குரா ஊறுகாயை வரவழைத்துத் தின்று பார்த்தேன் சார், வாயில் வைக்க விளங்கவில்லை. வயிறு எரிந்தது, காரத்தால் அல்ல.

அடுத்த வாரம் மூன்றாம் பக்கத்தை எழுதிக் காட்டினேன். 'ஆவக்காய் ஜாடியை இறக்கப் பரணேறிய என் கணவர் ஏணியிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தார். அதே ஜாடியில்தான் இன்றும் ஊறுகாய் போடுகிறேன்.' மற்ற பக்கங்களோடு அதையும் போனில் படமெடுத்த ஹாரிகா, படித்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ ஆன்ட்டி, அங்கிள் வாசல்ல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு! பொய் மட்டும் வேண்டாம். ஊர்க்காரங்க பாத்தா மானம் போயிடும்."

நியாயமான பேச்சு. பொய் எனக்கும் பிடிக்காது. "கொஞ்சம் பொறும்மா, நிஜத்தையே போட்டுடலாம்" என்றேன்.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். முப்பது வருஷத்தில் ஒரு நாள் கைநீட்டியதில்லை. மாங்காயை அவரளவுக்குச் சீராக வெட்ட இந்தத் தெருவில் ஆள் கிடையாது. ஆனால் அந்தக் கதையில் அவருக்கு இடமில்லை.

உகாதி கழிந்து மாங்காய் வரத் தொடங்கியதும் ஜாடியை இறக்கச் சொன்னேன். ஏணியில் ஏறும்போதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"கெட்டியாப் பிடிச்சுக்கடி. நான் போயிட்டா உனக்கு மாங்காய் யாரு வெட்டுவா?"

"ஆள் வச்சுக்கிறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே ஏறினார்.

ஜாடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு படி இறங்கியதும் நான் கையை எடுத்தேன். ஏணியைக் காலால் கொஞ்சம் நகர்த்தினேன், அவ்வளவுதான். கீழே உரல் இருந்தது. வழக்கமாகப் பின்கட்டில் கிடக்கும். முதல் நாள்தான் உருட்டி வந்து வைத்திருந்தேன். ஜாடியை நெஞ்சோடு அணைத்தபடியே விழுந்தார் மனுஷன். அதில் ஒரு கீறல் இல்லை. முகப்பில் நீங்கள் பார்த்த படம் அந்த ஜாடிதான்.

சைட் வந்த முதல் மாதமே அமலாபுரத்துக்காரியை முந்திவிட்டேன். அப்புறம் ஹாரிகா போனில் பழைய படங்களை அழிக்க உட்கார்ந்திருக்கிறாள். மூன்றாம் பக்கம் கண்ணில் பட்டிருக்கிறது. எடுத்த தேதி ஜனவரி, அவர் விழுந்தது ஏப்ரல். அதுவரை என் வாய் பலித்துவிட்டது என்றே நினைத்திருந்தாளாம். நேராக உங்களிடம் வந்துவிட்டாள். அவள்மேல் கோபமில்லை, அவள் சொன்னதைத்தானே நான் கேட்டேன்.

கொன்றாயா என்கிறீர்கள். ஆமாம், நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் இந்தத் தாளில் ஏமாற்றுக்காரி என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். மூன்றாம் பக்கத்தை நீங்களே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள் சார். அதில் ஒரு வார்த்தை பொய் இருந்தால் சொல்லுங்கள்.