மாக்கிரட் ரீச்சர் பிடுங்காத களைகள்

தலைவர் ஆனந்தராசா மாமா அவர்களே, அருட்தந்தை சுவாம்பிள்ளை அடிகளார் அவர்களே, எங்கள் மொழி தெரியாவிட்டாலும் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் சிஞ்ஞோரா ஸ்ரெல்லா அவர்களே, பலேர்மோத் தமிழ்ப் பெரியோர்களே, தோழர்களே! துயரத்தோடு வந்திருக்கும் உங்கள் முன் நான் வெட்கத்தோடு நிற்கிறேன்.

எங்கள் ஞாயிறு தமிழ்ப் பாடசாலையின் ஆசிரியை மாக்கிரட் அவர்கள் இன்று இல்லை. அவர் அகரம் எழுதப் பழக்கியதை எல்லோரும் பேசினீர்கள். கோதுமை வயலைப் பற்றி ஏன் ஒருவரும் பேசவில்லை?

இரண்டு வருடங்களுக்கு முன், 1996 சித்திரையில் ரீச்சர் எங்களை மலைக்கு அப்பால் உள்ள வயல்களுக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். ரீச்சர் வேலைக்குப் போன வீட்டு அம்மாவான சிஞ்ஞோரா ஸ்ரெல்லா, பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிப்பிப்பவர்; களைகளைப் பற்றிய அவருடைய ஆய்வுக்கு உதவத்தான் போனோம். கோதுமைக்குள் ஒரு மரச்சட்டத்தை வைத்தோம். அதற்குள் முளைத்திருந்த களைகளைக் குனிந்து பார்த்தோம். மருந்தடித்த வயலில் ஒரே வகைப் புல் தனியே நின்றது. அடிக்காத வயலிலோ பப்பாவெரோ என்ற சிவப்புப் பூ, அதன் நிழலில் ஒரு சின்ன நீலப்பூ, அதைச் சுற்றிக்கொண்டு ஒரு கொடி! எதையும் பிடுங்கக்கூடாது. ஒரு பூவைப் பறித்த சிந்துஜனோடு ரீச்சர் திரும்பும் வழியெல்லாம் கதைக்கவில்லை.

ஆனால் தமிழில் களை என்றதும் அடுத்த சொல் பிடுங்கு என்று தானாக வந்துவிடுகிறது. ரீச்சர் பிள்ளைகளைக் கூலிக்குக் களை பிடுங்க விடுகிறா என்ற கதை அன்று மாலையே நாங்கள் வாழும் கால்சாப் பகுதி முழுதும் பரவியது. இதற்கோ பிள்ளையை இத்தாலிக்குக் கொண்டுவந்தோம் என்று அம்மாமார் கொதித்தார்கள். என் அம்மாவும்தான்.

இதே மண்டபத்தில் பெரியவர்களும் பிள்ளைகளுமாகக் கூடி ரீச்சரிடம் விளக்கம் கேட்டோம்.

"பிடுங்காமல் களைக்குள்ள நிண்டு என்ன செய்யிறியள், ரீச்சர்?"

"எது எதோட சேந்து வளருதெண்டு பாக்கிறம்."

"அப்ப களைக்குச் சம்பந்தம் பேசுறியள்."

மண்டபமே சிரித்தது. ரீச்சரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு ஒரு பிள்ளையும் போகவில்லை. நோயோடு அவர் மட்டும் போய், முழந்தாளிட்டுப் பார்த்து வந்தார்.

இன்று வாசலில் சிஞ்ஞோரா என்னிடம், பரீட்சைகள் முடிந்தனவா, இந்த வசந்தத்துக்காவது வருவீர்களா என்று கேட்டார். எந்தப் பரீட்சை? பிள்ளைகளுக்குப் பரீட்சை, அதனால்தான் வரவில்லை என்று ரீச்சர் இவ்வளவு காலமும் அவரிடம் சொல்லியிருக்கிறார். நாங்கள் சிரித்ததை அவர் சொல்லவே இல்லை! எங்களுக்காகப் பொய் சொன்ன அந்தப் பெரிய மனதுக்கு எந்த முகத்தோடு அஞ்சலி செலுத்துவது?

ஆளில்லாவிட்டால் அந்த ஆய்வு இந்த ஆண்டோடு நின்றுவிடும். ரீச்சரின் இடத்தில் நான் முழந்தாளிடுவேன் என்று உறுதி சொல்லத்தான் மேடையேறினேன். ஆனால் எனக்குப் பதினான்கு வயது. என்னை அனுப்ப வேண்டியவர் முன்வரிசையில் இருக்கிறார்.

அம்மா, கூட்டம் முடிந்ததும் சிஞ்ஞோரா என்னிடம் பதில் கேட்பார். பரீட்சை என்று நான் சொல்லமாட்டேன். என்ன சொல்லட்டும்?