வந்துச்சா?

— டிவி வேணாம்னு அப்பவே சொல்லிட்டேன். மறுபடி மறுபடி அதையே காட்டினா எப்படிடி?

— அம்மா, முழுசா பாரு. போன், நெட், டிவி, மூணும் சேர்ந்த பேக். தனித்தனியா வாங்கினா தலையில மிளகாய் அரைச்சிடுவான்.

— சும்மா குடுத்தாலும் வேணாம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்கப்பா போடற நியூஸ் சத்தத்துலதான் துணி வெட்டியிருக்கேன். உலகத்துல எந்த மூலையில சண்டை நடந்தாலும் என் கட்டிங் டேபிளைத் தாண்டித்தான் போகும். வேலைக்குன்னு நாடு தாண்டி இங்க வந்தும் அதே தலைவலியா? அந்த ஜன்னலைத் திற. இன்னும் நல்லாத் திற.

— திறந்தாச்சு. குளிருது.

— குளிரட்டும்! எதிர் மாடியைப் பாரு. அந்த ஆளு இன்னிக்கும் ஜன்னல்ல உக்காந்து ஷூவுக்கு பாலிஷ் போடறாரு. நேத்தும் அதே ஷூ. எங்கதான் போட்டுட்டுப் போவாரோ! இதான்டி என் டிவி.

— சீரியஸா சொல்றேம்மா. நாளைக்கு நான் பிளைட் ஏறிடுவேன். இந்த வெறும் வீட்டுல ஒரு மெத்தை, ஒரு கெட்டில், நீ. பேச்சுத் துணைக்காவது ஒண்ணு வேணாமா?

— பேச்சுத் துணைக்கு வேலை செய்யற இடத்துல ஒரு பட்டாளமே இருக்கு. நேத்து என் கத்தரியை எடுத்து டேபிள்ல வெச்சேன், எல்லாரும் சுத்தி வந்து நின்னுட்டாங்க. நாடகத்துக்கு உடை தைக்கிற கம்பெனின்னா சும்மாவா? ராஜா, ராணி, பேய், பிசாசு, எல்லாம் தொங்குது. எனக்குக் குடுத்த முதல் வேலை என்ன தெரியுமா?

— என்ன?

— கரடி.

— கரடியா!

— கரடிதான்! கரடிக்கு அளவெடுக்க ஒருத்தி வீட்டை விட்டுட்டு ப்ளேன் ஏறி வந்திருக்கான்னு சொன்னா உங்க அத்தை நம்புவாளா? கரடிக்குள்ள நடிக்கப் போற ஆளு வந்து நின்னாரு. தொப்பைக்குப் பஞ்சே வைக்க வேண்டியதில்ல.

— அம்மா, மெதுவா சிரி. பக்கத்து வீட்டுல கேக்கும்.

— கேக்கட்டும், தெரிஞ்சுக்கட்டும். சரி, டிவி போச்சு. நெட்டுக்கு வா.

— உனக்கு எவ்வளவு வேகம் வேணும்? சின்னது, நடுத்தரம், பெரிசு இருக்கு.

— ஜாக்கெட்டு தைக்கிற மாதிரிதான். பிடிக்கவும் கூடாது, தொளதொளன்னும் இருக்கக் கூடாது. உள்ள கொஞ்சம் துணி விட்டு வெட்டு. டிசைன் படமெல்லாம் பெரிசு பெரிசா அனுப்பறாங்க. வட்டம் சுத்திக்கிட்டே நின்னா எனக்குக் கோவம் வந்துடும்.

— அப்ப நடுத்தரம். மாசா மாசம் கட்டற மாதிரி போட்டுடறேன். பிடிக்கலேன்னா எப்ப வேணா நிறுத்திட்டுக் கிளம்பி வந்துடலாம்.

— பக்கத்துல என்னமோ ரெண்டு வருஷம்னு போட்டிருக்கே?

— அது நமக்கு வேணாம். ரெண்டு வருஷத்துக்குக் கட்டிப் போட்டுடுவான். நடுவுல விட முடியாது.

— அதைப் போடு.

— அம்மா!

— நடுவுல விடறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? கல்யாணத்துக்கு முன்னாடியே இப்படி ஒரு வேலை வந்துச்சு. உங்க தாத்தா கூடாதுன்னுட்டாரு. அப்புறம் உங்கப்பா, அப்புறம் நீ, உன் பின்னாடியே உன் தம்பி. இந்தத் தடவை விடறதா இல்ல. போடு ரெண்டு வருஷம்!

— யோசிச்சுச் சொல்லும்மா.

— இவ்வளவு நாள் யோசிச்சதெல்லாம் போதாதா? அழுத்துடி பட்டனை!

— அழுத்திட்டேன். இனி ரெண்டு வருஷம் நகர முடியாது.

— எனக்குக் கால் தரையிலயே நிக்கல! அடுத்தது போன். வா, வா.

— போன்ல யோசிக்கவே ஒண்ணும் இல்ல. உன் பழைய நம்பர் இப்ப ஓடற மாதிரியே தொடர்ந்து ஓடட்டும். வெளிநாட்டுல ஓடறதுக்கு ரோமிங் பேக்னு ஒண்ணு இருக்கு, மாசா மாசம் போட்டுக்கலாம்.

— புது நம்பர் வேணும்.

— புதுசும் வாங்கிக்கோ. பழசும் இருக்கட்டும்.

— பழசை மூடிடு.

— மூடறதா? நம்ம வீட்டு ஓடிபி மொத்தமும் அதுலதானே வருது! அப்பா பேங்க், தம்பி பேங்க், கரண்ட் பில், கேஸ், சித்தியோட பாஸ்போர்ட் வரைக்கும்.

— அதைத்தான் நானும் சொல்றேன். உங்க சித்திகிட்ட ரெண்டு போன் இருக்கு. என் நம்பர் எதுக்கு அவளுக்கு?

— ஓடிபின்னா நீதான் அடிச்ச உடனே எடுப்பேன்னு குடுத்திருப்பாங்க.

— எடுக்காம என்ன பண்றது? டைம் போயிடும், டைம் போயிடும்னு உயிரை வாங்குவீங்க. கத்தரியைத் தூக்கிப் போட்டுட்டு ஓடி வருவேன். நான் போன் வாங்கினது தையல் கஸ்டமருக்காக. வீட்டுல அப்ப வேற போன் இல்ல, எல்லாரும் அந்த நம்பரைக் குடுத்தீங்க. அப்புறம் ஆளுக்கொரு போன் வாங்கினீங்க, நம்பரை மட்டும் ஒருத்தரும் மாத்தல. இங்க ஏர்போர்ட்டுல அந்த ஆபீஸர் “எதுக்கு வந்திருக்கீங்க”ன்னு கேக்கறாரு, உங்கப்பா கேஸ் புக் பண்ணிட்டு ஓடிபி ஓடிபின்னு மெசேஜ் போடறாரு. அந்த ஆபீஸர் என்னைத் தீவிரவாதி மாதிரி பாக்கறாரு.

— அய்யோ, அதான் அவ்வளவு நேரம் ஆச்சா?

— ஆமாடி! இதோ பாரு, பேசும்போதே ஒண்ணு வந்திருக்கு.

— யாரோடது?

— யாருக்குத் தெரியும்? இப்பக் கூப்பிடுவாங்க பாரு. கூப்பிட்டாச்சு, உன் தம்பி. ஸ்பீக்கர்ல போடறேன், கேளு.

— அம்மா, வந்துச்சா?

— கேட்டுக்கோ! அம்மா எப்படி இருக்க, வீடு பிடிச்சிருக்கா, கரடி என்ன ஆச்சு, ஒண்ணும் கிடையாது. வந்துச்சாவாம்.

— எந்தக் கரடிம்மா? சினிமா டிக்கெட், சீக்கிரம் சொல்லு, டைம் ஓடுது!

— நாலு, ஏழு, ரெண்டு, ஒண்ணு, ஒம்போது, மூணு.

— சூப்பர்மா. வெச்சிடறேன்.

— வெச்சுட்டான்.

— அவன் எப்பவும் அப்படித்தாம்மா.

— நீ மட்டும் என்ன ஒழுங்கு? வேலைக்குன்னு வெளியூர் போய் ரூம் எடுத்ததுலேர்ந்து தினமும் சாயங்காலம் போன் வரும். “அம்மா, வந்துச்சா?” அந்தச் சாப்பாட்டு ஆப். நம்பரைச் சொல்லிட்டு, வெச்சிடப் போறியேன்னு நானாத்தான் “என்னடி சாப்பிடப் போற”ன்னு பேச்சை இழுப்பேன்.

— ம்.

— அதே ஆப்தான் உன் தம்பியும் வெச்சிருக்கான். அவனுக்கு ஒரே ஒரு தடவைதான் ஓடிபி கேட்டுச்சாம். உனக்கு மட்டும் எப்படிடி தினமும் கேக்குது?

— என் போன் கொஞ்சம் மக்கர் பண்ணும்மா.

— புது போன் வாங்கின அப்புறமுமா?

— அதுவும் மக்கர்தான்.

— என்னமோ போ. ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. போன் அடிச்சா புள்ளைங்க கூப்பிடுதுன்னு மனசு துள்ளும். எடுத்தா நம்பர் கேப்பீங்க. எனக்கு வலிக்குதுடி. நான் அம்மாவா, இல்ல வீட்டுச் சுவத்துல மாட்டியிருக்கிற மெஷினா? இந்தப் புது நம்பர்ல ஒருத்தர் கூப்பிட்டா, அது எனக்காகக் கூப்பிட்டதா இருக்கணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

— சரிம்மா.

— என்னடி, கோவமா?

— இல்ல. நீ சொல்றது நியாயம்தான். பழைய நம்பர் இந்த வாரத்தோட குளோஸ், அவங்கவங்க அவங்கவங்க நம்பரைப் போட்டுக்கோங்கன்னு குடும்ப குரூப்ல மெசேஜ் போடறேன்.

— போடு, போடு! யாரு என்ன சொல்றாங்கன்னு படி.

— தம்பி ஒரு அழுகைப் பொம்மை போட்டிருக்கான். சித்தி “ஏன், அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?”ங்கறாங்க. அப்பா “எந்த பட்டன்?”னு கேக்கறாரு.

— பாவம், அவர் முதல்ல மூக்குக் கண்ணாடியைத் தேடணும். தேடட்டும். எங்க, எனக்கு நம்பரைக் காட்டு. நாமளே எடுத்துக்கலாமா?

— இதுல எது வேணா எடுத்துக்கலாம்.

— அந்தக் கடைசி நம்பரை எடு. முடிவுல ரெண்டு சைபர். கோட்டுல ரெண்டு பட்டன் தெச்ச மாதிரி அழகா இருக்கு.

— எடுத்தாச்சு. உன் பேர், உன் நம்பர், உன் வீடு.

— அடியே என் தங்கம்! இங்க வா, கட்டிக்கோ. இனிமே எவனுக்கும் நான் ஓடிபி சொல்ல வேணாம்! உன் ஆப்லயும் மாத்திட்டியா?

— எந்த ஆப்?

— தினமும் உசிரை எடுப்பியே, அந்தச் சாப்பாட்டு ஆப்.

— அதை விடும்மா.

— விட்டுட்டு? பட்டினி கிடப்பியா? உன் நம்பரைப் போட வேண்டியதுதானே?

— அது வேணாம்.

— என்னடி குரல் ஒரு மாதிரி போகுது? இங்க பாரு. அழறியா? குட்டி, என்னடா?

— அதுல நான் சாப்பாடே வாங்கறதில்லம்மா.

— என்ன சொல்ற?

— ஆபீஸ் கேண்டீன்லயே சாப்பிட்டுட்டுத்தான் ரூமுக்கு வருவேன். வந்து, அந்த ஆப்லேர்ந்து நானே வெளிய வருவேன். திரும்ப உள்ள போவேன். உனக்கு ஓடிபி வரும்.

— பைத்தியமாடி உனக்கு? எதுக்கு?

— சும்மா கூப்பிட்டா நீ எங்கம்மா எடுக்கற? எடுத்தாலும் “கத்தரி கையில இருக்கு, அப்புறம் பேசு”ம்ப. அந்த அப்புறம் வந்ததே இல்ல. ஓடிபி மெசேஜ் வந்தா மட்டும் கத்தரியைப் போட்டுட்டு ஓடி வருவ. நம்பரைச் சொல்லிட்டு, “என்னடி சாப்பிடப் போற”ன்னு கேப்ப. அதைக் கேக்கறதுக்குத்தாம்மா கூப்பிடுவேன்.

— தினமுமா?

— தினமும்தான்.

— குட்டி, அந்த ஆப் வெளிநாட்டு நம்பரை எடுத்துக்குமா?